சைக்கிளுக்கு வைத்த மாட்டுப் பொங்கல்

எங்கள் ஊர் பைபாஸில் யாருக்கு யார் வழிவிட வேண்டும் என்பதை எவரும் எழுதிவைக்கவில்லை, ஆனாலும் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூட அது தெரியும்: நடந்துபோகிறவன் சைக்கிளுக்கு ஒதுங்க வேண்டும், சைக்கிள் மோட்டார் பைக்குக்கு, பைக் ஆட்டோவுக்கு, ஆட்டோ காருக்கு, கார் பஸ்ஸுக்கு, பஸ் லாரிக்கு, லாரி காற்றாலை இறக்கை ஏற்றிவரும் நீளவண்டிக்கு ஒதுங்க வேண்டும்; இவை அத்தனையும், இறக்கை வண்டி உட்பட, நடுரோட்டில் படுத்து அசைபோடும் ஒரு மாட்டின் முன்னால் வந்து நின்று, ஹாரனை அமுக்கிப் பார்த்து, பிறகு ஹாரனையும் விட்டுவிட்டு, சுற்றிக்கொண்டு போக வேண்டும். மாடு யாருக்கும் ஒதுங்காது, அதை யாரும் தப்பென்று சொன்னதும் கிடையாது.

இந்த வரிசையில் சைக்கிளுக்குக் கீழே இருப்பது வெறுங்கால் மட்டும்தான் என்பதால், கீழக்கரட்டூரிலிருந்து மேல்நிலைப் பள்ளிக்குப் போகும் பெண்பிள்ளைகள் தார் முடிந்து சரளை தொடங்கும் விளிம்பில், கயிற்றின் மேல் நடப்பவர்களைப்போல் போய்வந்தார்கள். ஊர் ரோட்டுக்கு இடப்பக்கம், பள்ளிக்கூடம் வலப்பக்கம். ரோடு போட்டவர்கள் பள்ளிக்கூடத்தைக் கேட்டுவிட்டா போட்டார்கள்? விளிம்பிலேயே போய், நடுத்திட்டில் விட்டிருக்கும் இடைவெளிக்கு நேரே வந்ததும், கண்ணை மூடி அங்காள ஈஸ்வரி பேரைச் சொல்லிக்கொண்டு சட்டென்று வலப்பக்கம் வெட்ட வேண்டும். போன ஆடியில் பாண்டியம்மாளின் மகள் தனலட்சுமி அப்படி வெட்டியபோது ஒரு கார் அவளைத் தட்டிவிட்டு நிற்காமல் போயிற்று. கை எலும்பு முறிந்தது, தலைக்கு வந்தது கையோடு போனது என்று ஊர் ஆறுதல் சொன்னது. அதன்பிறகு அரசாங்கம் கொடுத்த இலவச சைக்கிள்கள் எல்லாம் முற்றத்தில் நின்று துணி காயப்போடவும் கோழி ஏறி உட்காரவும் பயன்பட்டன, பிள்ளைகள் ஒவ்வொருத்தியாகப் படிப்பை விட்டு நின்றார்கள்.

நிற்காதவள் ஒருத்தி, தங்கப்பிரியா. பன்னிரண்டாம் வகுப்பு. அவள் அம்மா பஞ்சவர்ணம் அதே பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். அப்பா கேரளத்தில் ஒரு பேக்கரியில் பப்ஸ் சுட்டுக்கொண்டிருந்தார், தீபாவளிக்குத் தீபாவளி வருவார். பஞ்சவர்ணம் தன் பழைய லேடீஸ் சைக்கிளின் கேரியரில் மகளை உட்காரவைத்து மிதித்துக்கொண்டு போவாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் பக்கத்து வீட்டுப் பாண்டியம்மாள் வாசலுக்கு வந்து சத்தம்போடுவாள்.

"பிள்ளையப் படிக்க வைக்கிறியா மதினி, லாரிக்குப் படைக்கிறியா?"

"பங்குனி வரைக்குந்தானே மதினி. பரீச்சைய எழுதிட்டாள்னா ஒரு நர்சிங்குல சேத்துவிட்ருவேன்."

"எம்மக கையப் பாத்தும் உனக்குப் புத்தி வரலையே!"

பாண்டியம்மாள் பொல்லாதவள் அல்ல. ஆடி மாதத்திலிருந்து லாரிச் சத்தம் கேட்டாலே அவளுக்குச் சோறு இறங்குவதில்லை. பஞ்சவர்ணத்துக்கும் பயம் இல்லாமல் இல்லை. மிதிக்கும்போது இடுப்பைச் சுற்றி மகளின் இரண்டு கைகளும் இருக்கும், இந்தக் கை நாளைக்கும் இருக்கணும் தாயே என்பதைத் தவிர வேறெதையும் அவள் அந்த ரோட்டில் நினைத்ததில்லை. அதை வெளியே சொன்னால் மகளையும் சைக்கிளையும் வீட்டில் நிறுத்தச் சொல்லிவிடுவார்கள் என்பதால் சொல்லவில்லை.

இப்படி இருக்கையில் தை பிறந்தது, மாட்டுப் பொங்கலும் வந்தது. ஊர் மாடுகள் எல்லாம் கண்மாயில் குளித்துக் கொம்புக்குப் பச்சையும் சிவப்பும் பூசிக்கொண்டு கல்யாண வீட்டுக்காரர்கள்போல் தெருவில் வந்தன. இரண்டு பசுவும் ஒரு காளையும் வைத்திருந்த பாண்டியம்மாள், அன்பாகத்தான், ஆனால் தெருவுக்கே கேட்கும்படி, "மாடில்லாத வீட்டுல என்ன மதினி மாட்டுப் பொங்கலு, பானையக் கவுத்து வச்சிட்டு நம்ம வீட்டுக்கு வந்து சாப்புடு" என்றாள்.

பஞ்சவர்ணத்துக்குச் சுருக்கென்றது. "யாரு சொன்னா இல்லைன்னு? எனக்கும் ஒழைக்கிற மாடு ஒண்ணு நிக்கிது" என்று சொல்லிவிட்டு, சொன்ன வாயை மூடுவதற்குள் சைக்கிளைக் கண்மாய்க்கு ஓட்டிக்கொண்டு போனாள். வைக்கோல் பிரியால் தேய்த்துக் குளிப்பாட்டினாள். ஹேண்டில்பாரின் இரண்டு முனைக்கும் ஒன்றுக்குப் பச்சை ஒன்றுக்குச் சிவப்பு என்று பெயிண்ட் அடித்தாள், நெட்டி மாலை போட்டாள், கழுத்துச் சலங்கை கட்டினாள், வாசலில் உலக்கையைப் போட்டு அதைத் தாண்டவைத்து உள்ளே கூட்டிவந்தாள், தாம்பாளத்தைத் தட்டிக்கொண்டு "பொங்கலோ பொங்கல்" என்று தானும் மகளுமாக மூன்று சுற்றுச் சுற்றினாள், கடைசியில் வாழையிலையில் ஒரு கை பொங்கலும் உரித்த பழமும் வைத்து முன்சக்கரத்தின் அடியில் வைத்தாள்.

செய்தது தப்புத்தான். சைக்கிளுக்கு உரியது ஆயுத பூஜை; புரட்டாசியில் சந்தனப் பொட்டும் பொரிகடலையும் வாங்கிக்கொள்வதோடு அதன் வரும்படி முடிந்தது. இரும்புக்கு இரும்பின் மரியாதை, மாட்டுக்கு மாட்டின் மரியாதை என்று பெரியவர்கள் பிரித்துவைத்ததற்குக் காரணம் இருக்கும். ஆனால் பொங்கலை வாங்கிக்கொண்ட சைக்கிள் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. விடிந்து பார்த்தபோது இலை நக்கித் துடைத்ததுபோல் கிடந்தது, நெட்டி மாலையில் பாதியைக் காணோம்.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த காலையில், வழக்கம்போல் மகளைக் கேரியரில் ஏற்றிக்கொண்டு பஞ்சவர்ணம் பைபாஸில் ஏறினாள். வழக்கம்போல் பின்னால் திண்டுக்கல் பஸ் வந்தது. வழக்கம்போல் அவள் சரளையில் இறங்கத் தயாரானபோது சைக்கிள் இறங்க மறுத்தது. தாருக்குள்ளேயே, விளிம்பிலிருந்து ஒரு முழம் உள்ளே தள்ளி, அவசரமே இல்லாமல் நேராகப் போய்க்கொண்டிருந்தது. பஸ் ஹாரன் அடித்தது, சைக்கிள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பஸ் பிரேக் போட்டது. படியில் தொங்கிய கண்டக்டர் தன்னை அறியாமல் நாக்கைச் சொடுக்கி, "ஹை... ஹை... ஓரமாப் போ தாயி" என்று மாட்டுக்குச் சொல்வதைச் சொன்னார், டிரைவர் வலப்பக்கம் நன்றாக ஒதுக்கி ஒரு வண்டி அகலம் விட்டுச் சுற்றிக்கொண்டு போனார். போகும்போது கண்டக்டர் படியிலிருந்து கைநீட்டி ஹேண்டில்பாரைத் தொடுவதுபோல் காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பஸ்ஸுக்குப் பின்னால் வந்த லாரியும் அப்படியே செய்தது, லாரிக்குப் பின்னால் வந்த காரும் செய்தது. யாரைக் கேட்டாலும் தாங்கள் பார்த்தது சைக்கிளைத்தான், அதன்மேல் ஒரு பொம்பளையும் ஒரு பிள்ளையும் இருந்தார்கள் என்றுதான் சொன்னார்கள். கண் சைக்கிளைப் பார்த்தது, கால் மாட்டைப் பார்த்தது, பிரேக் காலில் அல்லவா இருக்கிறது. இடைவெளிக்கு நேரே வந்ததும் சைக்கிள் தானாகவே வலப்பக்கம் திரும்பியது. இரண்டு பக்கத்து பைபாஸும் நின்று அதற்கு வழிவிட்டது. அன்று மகளின் கை இடுப்பைச் சுற்றி இருந்ததை பஞ்சவர்ணம் பள்ளிக்கூட வாசலில்தான் கவனித்தாள்.

செய்தி ஊருக்கு வந்தபோது யாரும் பெரிதாக அதிசயப்படவில்லை. பொங்கல் வாங்கினால் மாடாகாமல் என்ன செய்யும் என்றார்கள். பசுவா காளையா என்பதில்தான் ஒரு வாரம் பேச்சு ஓடியது. குறுக்குக் கம்பி இல்லாததால் பசுதான் என்று முடிவாயிற்று. பாண்டியம்மாள் எத்தனை லிட்டர் என்று கேட்டாள். "கறவை இல்ல மதினி, ஏறி மிதிக்க மட்டுந்தான்" என்றாள் பஞ்சவர்ணம். சந்தடி சாக்கில் இளவட்டங்கள் சிலர் தங்கள் மோட்டார் பைக்குகளுக்குப் பருவம் தப்பிப் பொங்கல் வைத்துப் பார்த்தார்கள். ஒரு பைக்குக்கும் எதுவும் ஆகவில்லை, அரிசியும் வெல்லமும் போனதுதான் மிச்சம்.

அதன் மாட்டுக்குணம் நாளுக்கு நாள் கூடியது. காலையில் சீட்டைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். ஈ உட்கார்ந்தால் கேரியர் ஒருமுறை சிலிர்க்கும். நடுத்திட்டில் நெடுக வளர்ந்துநிற்கும் அரளியைத் திரும்பியும் பார்க்காது, ஆனால் கரும்பு வண்டி முன்னால் போனால் பள்ளிக்கூடத்தைத் தாண்டியும் அதன் பின்னாலேயே போகப் பார்க்கும். பின்சக்கரம் பஞ்சரானபோது சைக்கிள் கடை காதர் பாயிடம் கொண்டுபோனாள், அவர் தொட்டதும் அது உதைத்தது.

"தங்கச்சி, நான் பஞ்சர் ஒட்டுறவன். லாடம் கட்டுறவன் இல்ல" என்றார் பாய், முழங்காலைத் தடவிக்கொண்டு.

கால்நடை மருத்துவரிடம் போனால் அவர் சுற்றிவந்து பார்த்துவிட்டு, என்ன இனம் என்று கேட்டார். லேடீஸ் என்றாள் பஞ்சவர்ணம். அரசாங்கக் கணக்கில் வராத மாடு இருக்கக்கூடாது என்பதால் பிரேக் ஒயரில் துளை போட்டு மஞ்சள் காதுவில்லை ஒன்றை மாட்டிவிட்டு, கையோடு கோமாரி ஊசியும் போட்டார். ஊசி டியூபில் இறங்கி மற்ற சக்கரத்திலும் காற்றுப் போயிற்று. பிறகு மருத்துவர் முன்பக்கம் பிடித்துத் தடவிக்கொடுக்க, காதர் பாய் பின்பக்கம் உட்கார்ந்து ஒட்டினார். அன்றிலிருந்து இருவரும் நல்ல சிநேகிதம்.

இதையெல்லாம் பாண்டியம்மாள் காதால் கேட்டு நம்புகிற ஆள் இல்லை. ஒருநாள் தன் மாடுகளைத் தொழுவத்திலேயே கட்டிப்போட்டுவிட்டு, பைபாஸ் இடைவெளிக்கு எதிரே வேலிக்கருவை நிழலில் காலையிலேயே போய் உட்கார்ந்தாள். பஞ்சவர்ணம் வந்தாள். சிமெண்டு லாரி நின்றது, ஆம்னி பஸ் நின்றது, காற்றாலை இறக்கை வண்டி பெருமூச்சு விட்டுக்கொண்டு நின்றது. தாயும் மகளும் கடந்துபோனார்கள். பாண்டியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அங்கேயே அழுதாள். அன்று சாயங்காலம் தனலட்சுமியின் சைக்கிள்மேல் காய்ந்துகொண்டிருந்த துணிகளை எடுத்து உள்ளே போட்டுவிட்டு, கோழியையும் விரட்டிவிட்டு, "நாளைக்கு அந்த மாட்டு வாலப் பிடிச்சிக்கிட்டே போகணும், அங்கிட்டு இங்கிட்டு விலகுனே, காலை ஒடிச்சிருவேன்" என்று மகளிடம் சொன்னாள்.

தனலட்சுமி வந்ததும் மற்றப் பிள்ளைகளும் வந்தார்கள். தங்கப்பிரியாவும் கேரியரிலிருந்து இறங்கித் தன் சைக்கிளை எடுத்தாள். இத்தனை மாதம் வராதவர்களின் வருகைப் பதிவைத் தலைமையாசிரியை எப்படிச் சரிக்கட்டினார் என்பது அவருக்கே வெளிச்சம். முன்னால் மாட்டுச் சைக்கிளில் பஞ்சவர்ணம், பின்னால் ஒன்றன்பின் ஒன்றாக அரசாங்க சைக்கிளில் ஏழெட்டுப் பிள்ளைகள் என்று தினமும் ஒரு மந்தை பைபாஸில் போயிற்று.

மாட்டின் பின்னால் போகிறவர்களுக்கு மாட்டின் நடை வந்துவிடும். அது ஒருநாளும் எதிர்த்திசையில் போகவில்லை, எதிரே வரும் விளக்கு அதற்குப் பிடிக்காது. ஆகவே சுற்றுவழிக்குச் சோம்பல்பட்டு எதிர்ப்பக்கமாகவே போய்ப் பழகிய எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் இடப்பக்கமே போனார்கள். அது விளிம்பில் பதுங்கிப் போகவில்லை, விளிம்பில் பதுங்குகிற எதையும் டிரைவர்கள் இல்லாத பொருளாகவே எடுத்துக்கொள்கிறார்கள் என்பது அதற்குத் தெரிந்திருந்தது. நின்றிருக்கும் காரைத் தாண்டும்போது கதவு திறக்கும் அளவுக்கு இடம் விட்டுத் தாண்டும். ஹாரனுக்குத் துள்ளாது. லாரியின் இடுப்போரம் போய் ஒட்டிக்கொள்ளாது, லாரிக்காரனுக்கு அங்கே கண் இல்லை. வலப்பக்கம் திரும்புவதற்கு வெகுதூரம் முன்பே திரும்பிப் பின்னால் பார்க்கும், அதாவது ஹேண்டில்பார் லேசாகத் திரும்பும், அப்போது பஞ்சவர்ணம் கையை நீட்டுவாள். பின்னால் வருகிறவனின் முகத்தை நிதானமாகப் பார்த்து, அவன் தன்னைப் பார்த்தான் என்று தெரிந்த பிறகுதான் அது ஓர் அங்குலம் நகரும். சட்டென்று வெட்டுவது என்ற பழக்கமே அந்த மாட்டுக்குக் கிடையாது. "மாடு மாதிரிப் போறா பாரு" என்று முன்பு வசவாகச் சொன்னதை, எங்கள் ஊர் அம்மாக்கள் அந்த மாசியில் பெருமையாகச் சொன்னார்கள்.

நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் காரியத்தில் சாமி வந்து விழுவதுதான் எங்கள் ஊர் ராசி. சிவராத்திரிக்கு மறுநாள் அங்காள ஈஸ்வரி கோயில் பகல் பூசையில் பூசாரி ஒச்சப்பனுக்கு அருள் வந்து, வேப்பிலையைச் சுழற்றிக்கொண்டு, கூட்டத்தில் நின்ற பஞ்சவர்ணத்துக்கு முன்னால் வந்து நின்றார்.

"எம் மாட்டு மேல ஏறி மிதிக்கிறது யாருடி?"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. இத்தனை நாள் இது யாருக்கும் தோன்றவில்லையே என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பசுமேல் ஏறி உட்காருவதா? அதுவும் மிதிப்பதா?

"ஆத்தா, அது மிதிக்கிறதுக்குன்னே செஞ்ச மாடு. மிதிக்கலைன்னா கீழ விழுந்துரும்" என்றாள் பஞ்சவர்ணம். சிலர் சிரித்துவிட்டார்கள். ஆத்தா சிரிக்கவில்லை.

"வாயில்லாச் சீவன் பாவம் உன்னைச் சும்மா விடாது. எங்கிட்ட விட்ரு."

"பிள்ளைகளுக்குப் பரீச்சை வருது ஆத்தா. ஒரு மாசம் பொறுத்துக்க."

அருள் வந்தவரிடம் தவணை கேட்கக்கூடாது என்று பெரியவர்கள் அதட்டினார்கள். பாண்டியம்மாளைப் பார்த்தாள் பஞ்சவர்ணம். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அன்றைக்கே சைக்கிளுக்கு மஞ்சள் துணி கட்டி, குலவையிட்டு, கோயில் மாடாக நேர்ந்துவிட்டார்கள். கோயில் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டு, முன்னால் வைக்கோலும் தொட்டியில் கழுநீரும் வைத்தார்கள். பக்கத்து ஊர்களிலிருந்து பார்க்க வந்தார்கள். லாரி டிரைவர்கள்கூட பைபாஸ் ஓரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு வந்து, எலுமிச்சம்பழம் வாங்கிவைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அது வைக்கோலைத் தொடவில்லை. மிதிக்க ஆளில்லாமல் சக்கரம் இரண்டும் காற்று இறங்கித் தரையோடு உட்கார்ந்துவிட்டது, அசைபோடுகிறது என்று ஒச்சப்பன் எல்லாருக்கும் விளக்கினார்.

பிள்ளைகள் மறுபடி வீட்டோடு இருந்தார்கள். பரீச்சைக்கு முன் படிக்க விடுமுறை என்பதால் முதலில் யாருக்கும் உறைக்கவில்லை. தமிழ்ப் பரீச்சைக்கு முதல்நாள் பஞ்சவர்ணம் ஒச்சப்பன் வீட்டுக்குப் போனாள்.

"அண்ணே, பரீச்சை இருக்கிற நாளைக்கு மட்டும் மாட்டைக் குடுங்க. கொண்டாந்து கட்டிர்றேன்."

"நான் யாரும்மா குடுக்க? ஆத்தாகிட்டப் பூக்கேட்டுப் பாத்துருவோம்" என்றார் அவர். கெட்ட மனிதர் இல்லை, சாமி மலையேறிவிட்டால் அவர் பாட்டுக்குக் கேழ்வரகுக் கொல்லையைப் பார்க்கிறவர்தான். சன்னதியில் பொட்டலம் கட்டிப் போட்டுப் பூக்கேட்டார்கள். வெள்ளைப் பூ வரவேண்டியதற்குச் சிவப்பு வந்தது.

காலையில் பிள்ளைகள் சீருடை போட்டு, நுழைவுச்சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஊர் மந்தைத் திடலில் வந்து நின்றார்கள். மந்தையிலிருந்து பைபாஸ்வரை போவதற்குக்கூட யார் வீட்டிலும் சம்மதம் இல்லை. ஷேர் ஆட்டோ கண்மாய்க்கரையிலேயே நிரம்பிப் போய்விட்டது. பஸ் எங்கள் ஊரில் நிற்பதில்லை. பஞ்சவர்ணம் காதர் பாயின் ஆம்பளை சைக்கிளை இரவல் வாங்கி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்தாள்.

"மாடு இல்லாம எம்மகளை அனுப்ப மாட்டேன்" என்றாள் பாண்டியம்மாள், தனலட்சுமியின் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு. "நீ என்ன வேணாலும் சொல்லு மதினி. நான் பாத்தவ. ரோட்டுல கெடந்த பிள்ளைய அள்ளிக்கிட்டு ஓடுனவ நான்."

"நானும் பயந்துக்கிட்டுத்தான் நிக்கிறேன் மதினி" என்றாள் பஞ்சவர்ணம். அவள் அதை வாயைத் திறந்து சொன்னது அதுவே முதல் தடவை. "பொங்கலுக்கு முந்தி ஒருநாக்கூட நான் மூச்சுவிட்டு அந்த ரோட்டைத் தாண்டுனதில்ல. ஆனா மாடு என்ன மதினி செஞ்சிச்சு? பறந்துச்சா? நேராப் போச்சு, முன்னாடியே கையக் காட்டுச்சு, அவன் மூஞ்சியப் பாத்துச்சு, அவன் நின்ன பெறகு போச்சு. இவுங்களுக்கு அதெல்லாம் இப்பத் தெரியும். ஒரு மாட்டுக்கு நிக்கிறவன் எம்பிள்ளைக்கு நிக்க மாட்டானா? அதையும் ஒருநா பாத்துருவோமே."

"நிக்கலைன்னா?"

தனலட்சுமிதான், அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாக ஹேண்டில்பாரிலிருந்து எடுத்துவிட்டு, "நிக்கலைன்னா நாங்களும் நிப்போம்மா. நின்னு, அடுத்தவன் நிக்கிற வரைக்கும் கையக் காட்டுவோம். மாடு அப்படித்தான் செய்யும்" என்றாள்.

போனார்கள். பாண்டியம்மாளால் வீட்டுக்குத் திரும்ப முடியவில்லை, செருப்புக்கூடப் போடாமல் சரளையில் பின்னாலேயே ஓடிவந்தாள், அவளுக்குப் பின்னால் ஊரில் பாதி வந்தது, ஒச்சப்பனும் வந்தார். பைபாஸ் அன்றைக்கென்று பேயாய் ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் விளிம்பிலிருந்து ஒரு முழம் உள்ளே தள்ளி, ஒன்றன்பின் ஒன்றாக, துள்ளாமல், வளையாமல் போனார்கள். ஒரு கார் உரசுவதுபோல் போனது. வரிசையில் யாரும் அசையவில்லை. ஒரு பைக் திட்டிக்கொண்டு போனது. இடைவெளிக்கு இன்னும் வெகுதூரம் இருக்கும்போதே பஞ்சவர்ணம் திரும்பிப் பார்த்து வலக்கையை நீட்டினாள், அவள் பின்னால் தங்கப்பிரியா நீட்டினாள், அவள் பின்னால் தனலட்சுமி, அப்படியே கடைசிப் பிள்ளைவரை. இடைவெளிக்கு நேரே வந்ததும் காலூன்றி நின்றார்கள். முதல் லாரி நிற்காமல் போயிற்று. யாரும் நகரவில்லை, கையையும் இறக்கவில்லை. ஒரு பஸ்ஸும் போயிற்று. சரளையில் நின்ற பாண்டியம்மாள் இரண்டு கண்ணையும் பொத்திக்கொண்டாள்.

அடுத்து வந்தது மணல் லாரி. டிரைவர் நடுவயது ஆள், கண்ணாடியில் அங்காள ஈஸ்வரி படமும் எலுமிச்சையும் தொங்கின. நீட்டிய கைகளையெல்லாம் பார்த்துவிட்டு, பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துவிட்டு, பழக்க தோசத்தில் பிரேக்கை மிதித்தார். லாரி பெருஞ்சத்தத்தோடு நின்றது. அவர் சன்னல்வழியாகத் தலையை நீட்டி முன்னும் பின்னும் தேடினார்.

"எங்க தாயி, மாட்டைக் காணோம்?"

"மாடு வரலண்ணே" என்றாள் தங்கப்பிரியா. "நாங்க மட்டுந்தான்."

பின்னால் பஸ்ஸும் காரும் ஹாரனில் ஏறி நின்று கத்தின. அவர் என்ஜினை அணைத்தார். கதவைத் திறந்து படியில் நின்று, பின்னால் திரும்பி, உள்ளங்கையை விரித்து அத்தனை வண்டிகளுக்கும் காட்டினார்.

"பொறுங்கப்பா" என்று கத்தினார். "பிள்ளைக போகுது."